குப்பியக்காவும் அவள் ஓரகத்தியும்

எண்ணெய்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளைக் குப்பியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதலில் யார் வாயிலிருந்து அந்தப் பெயர் புறப்பட்டது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஆளை ஒரு வழி பண்ணியிருப்பாள். பெயர் வந்த காரணம் என்னவோ நியாயமானதுதான். புற ஊதா எந்திரத்துக்குள் வைக்கிற சின்னச் சதுரக் குப்பிகள் அங்கே அவள் பொறுப்பு. சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் அவை குவார்ட்ஸில் செய்தவை, விலையும் கொஞ்சநஞ்சமில்லை. எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, குப்பியில் ஊற்றி, எந்திரத்தில் வைத்து மூடினால் ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். எங்கெங்கே எவ்வளவு ஒளி குறைந்தது என்று திரையில் ஒரு கோடு மேலும் கீழுமாக ஓடும். எண்ணெய் காறல் எடுத்திருந்தால் கோடு ஓரிடத்தில் எழும்பும். ரீஃபைண்ட் எண்ணெய் கலந்திருந்தால் வேறோர் இடத்தில் எழும்பும். குப்பியில் விரல் ரேகை பட்டிருந்தால்கூடக் கோடு பொய் சொல்லிவிடும்.

கல்லூரியில் வேதியியலைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். பாத்திரம் கழுவுகிற வேலைக்குத்தான் இங்கே வந்தாள். அப்போது இந்த எந்திரமெல்லாம் கிடையாது. எண்ணெயில் ஒரு துளியை, மெல்லிய பூச்சுப் போட்ட தகட்டின் கீழ் ஓரத்தில் வைத்துக் கரைப்பானில் நிறுத்துவார்கள். கொழுப்புகள் வகைவகையாகப் பிரிந்து மேலே ஏறும். அயோடின் ஆவி நிறைந்த ஜாடிக்குள் தகட்டை வைத்தால் ஒவ்வொன்றும் நின்ற இடம் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். கழுவிக்கொண்டே அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். புற ஊதா எந்திரம் வந்தபோது, கூட வந்த தடித்த கையேட்டை யாரும் தொடவில்லை. அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் ஒரு கண்ணும் அதில் ஒரு கண்ணுமாகப் படித்தாள். அன்றிலிருந்து எந்திரம் அவள் கையில். ஆனால் அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுகிற உரிமை மட்டும் வேறொருவருக்கு இருந்தது. வருஷக்கணக்காக அவள் ஓட்டுவாள், அந்த மனிதர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திடுவார்.

அவர் வேலையை விட்டு வெளிநாடு போனதும் அந்த இடம் காலியானது. மேலாளர் அவசரப்படவில்லை. காலாண்டு முடியட்டும், யாருக்கு என்று அப்போது சொல்கிறேன் என்றார். அவளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. வேறு யார் இருக்கிறார்கள்? பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டினால் கம்பீரமாக இருப்பதாகத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கணவனின் தம்பிக்குக் கல்யாணமாகி, அவர்கள் எதிர்வாசலிலேயே குடிவந்திருந்தார்கள். வந்த ஓரகத்தி வேதியியலில் மேற்படிப்பு முடித்தவள். மாமியார் காலையில் இந்த வீடு, மாலையில் அந்த வீடு என்று இருப்பவர். படித்த பெண் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று இரண்டு வீட்டிலும் புலம்பினார். மூத்தவளுக்கும் பெருந்தன்மை காட்ட ஆசை வந்தது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன், எனக்குக் கீழே ஒரு ஆள் வேண்டும் என்றாள். ‘எனக்குக் கீழே’ என்ற சொல்லை அவள் அழுத்தித்தான் சொன்னாள். யார் காதிலும் அது விழவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

சின்னவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் எந்திரத்தின் முன்னால் உட்காரவைத்தது அவளேதான். கோட்டை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். ரீஃபைண்ட் கலந்திருந்தால் மேடு ஒன்றாக வராது. நடுவில் ஒரு உச்சி, இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உச்சி, மூன்று பல் முளைத்த மாதிரி இருக்கும். பல்லைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே என்றாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு மேலாளர் அறைவரை கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. எது எப்போது கைமாறியது என்று அவளாலேயே சரியாகச் சொல்ல முடியாது. சின்னவள் எந்திரத்தைக் கணினியோடு இணைத்தாள். எடுத்த கோடுகளை எல்லாம் நிறம் நிறமாக ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டினாள். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறையில் உட்கார்ந்ததே கிடையாது. பிறகு ஒருநாள், இனிமேல் எந்திரத்தைச் சின்னவள் பார்த்துக்கொள்ளட்டும், மாதிரி தயார் செய்வதும் குப்பியும் உங்கள் கையில் இருக்கட்டும், உங்கள் கை சுத்தம் வேறு யாருக்கு வரும் என்றார். பாராட்டுப்போலத்தான் இருந்தது. கழுவுதொட்டிக்கு வந்து குழாயைத் திறந்த பிறகுதான், தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நின்ற இடத்திலேயே மறுபடி நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்வதில்லை. அவளுக்கு நிஜமாகவே மேல்வயிற்றில் ஒரு காந்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. சின்னவள் எந்திரத்தின் மூடியைச் சத்தமில்லாமல் மூடுவதைப் பார்த்தால் காந்தும். வெள்ளை மேலங்கி அவளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பதைப் பார்த்தால் காந்தும். இதில் கொடுமை என்னவென்றால் அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனக்கு டீ எடுக்கும்போது அக்காவுக்கும் எடுத்து வருவாள், அதுவும் சர்க்கரை சரியாகப் போட்டு. ஒருநாளாவது சர்க்கரை அதிகமாகப் போடக்கூடாதா என்று இருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சின்னவள் இன்றைக்கு என்ன கண்டுபிடித்தாள் என்று மாமியார் இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். இதே வேலையை இவள் இத்தனை காலம் செய்தபோது, எண்ணெய் வாடை அடிக்கிறது, குளித்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறார்.

காலாண்டின் கடைசி வாரம். காலையில் கணவன் சட்டையை மாட்டிக்கொண்டே ஒரு செய்தி சொன்னான்.

“கையெழுத்து சின்னவளுக்குத்தான் வரும்போல. தம்பி சொன்னான்.”

“யாரு சொன்னாங்களாம் அவருக்கு?”

“மேலாளரே ஜாடையா சொன்னாராம். நல்லதுதானே, நம்ம வீட்டுக்குள்ளதானே வருது.”

“ஆமா. அப்ப உங்க சம்பளத்தையும் இனிமே தம்பிகிட்டயே குடுத்துடச் சொல்லுங்க. நம்ம வீட்டுக்குள்ளதானே போகுது.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஒரு எண்ணெய் ஆலையிலிருந்து மாதிரி வந்திருந்தது. சூடு காட்டாமல் பிழிந்த எண்ணெய், வேறெதுவும் சேர்க்காதது என்று ஆலைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். பரிசோதனையில் தேறினால் பெரிய கடை ஒன்று அவருடைய எண்ணெயை எடுத்துக்கொள்ளும். அந்த மாதிரியை, எடை போட்டுக் கரைப்பதுமுதல் சின்னவள் தனியாகவே பார்த்து, தானே அறிக்கையும் எழுதட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இது பரீட்சைதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குப்பி கழுவுவதில் குப்பியக்காவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் கரைப்பான், அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். அப்புறம் அசிட்டோன், நகப்பூச்சைத் துடைக்கப் பயன்படுகிற அதே வாடைக்காரன். அது கரைப்பானை எடுக்கும். அப்புறம் குப்பியைக் கவிழ்த்து, நைட்ரஜன் குழாயைத் திறந்து, உள்ளே காற்றடித்து உலர்த்த வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். ஏனென்றால் அசிட்டோனும் அந்த ஒளியைக் குடிக்கும்; ரீஃபைண்ட் எண்ணெய் குடிக்கிற அதே இடத்துக்குப் பக்கத்திலேயே குடிக்கும். மூலையில் ஒட்டிய ஒரு பொட்டுப் போதும். அதனால் உலர்த்திய பிறகு குப்பியை மூக்கருகே கொண்டுபோய் ஒருதரம் மோந்து பார்ப்பாள். வாடை வந்தால் மறுபடி காற்று.

அன்று காலை அசிட்டோன்வரை சரியாகத்தான் வந்தாள். குழாயைத் திறக்கக் கை நீட்டியபோது எந்திர அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்று சின்னவள். இன்னொன்று மேலாளர். என்ன சிரிப்பு? கதவிலிருந்த சின்னக் கண்ணாடிவழியாக எட்டிப் பார்த்தாள். மேலாளர் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்துச் சின்னவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ குறித்துக்கொள்ளத்தான் கொடுத்திருப்பார். ஆனால் பார்த்தவள் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. ஓ, இப்போதே கையெழுத்துப் போட்டுப் பழகுகிறாளா என்றுதான் தோன்றியது. அவர்கள் இன்னும் என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வந்து, கவிழ்த்து வைத்த குப்பிகளைத் தட்டில் எடுத்து வைத்து, உள்ளே கொண்டுபோய் டொக்கென்று வைத்துவிட்டு வந்தாள். காற்றடிக்கவில்லை என்பது அவள் நினைவிலேயே இல்லை. மோந்து பார்க்கவும் இல்லை.

டீ நேரத்துக்கு முன்னால் சின்னவள் ஒரு காகிதத்தோடு ஓடிவந்தாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“அக்கா, பிடிச்சிட்டேன். ரீஃபைண்ட் கலந்திருக்கான். எப்படி ஏறியிருக்கு பாருங்க.”

காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கோடு எழும்பித்தான் இருந்தது. ஆனால் ஒரே மேடு. கவிழ்த்து வைத்த கிண்ணம்போல வழவழவென்று ஒரே மேடு. ஒரு பல்கூட இல்லை.

அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குழாய், கவிழ்த்த குப்பி, கதவின் கண்ணாடி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. உடனே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் முதல் வேட்டையின் குஷியில் சொல்லிக்கொடுத்த பாடத்தையே மறந்து நிற்கிற அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை நாளாக மேல்வயிற்றில் உட்கார்ந்திருந்த காந்தலுக்கு யாரோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. மேற்படிப்பு படித்தவளுக்குப் பல் தெரியவில்லையாக்கும். விழட்டும். ஒரு தடவை விழட்டும்.

“அப்படியா,” என்றாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மேலாளர் ஆலைக்காரருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டார். அறிக்கை எழுத்தில் மறுநாள் போகும் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு குளிர்ந்த தண்ணீர் சூடாகத் தொடங்கியது. சின்னவள் விழுந்தால் ஏன் விழுந்தாள் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் குப்பி வரும். குப்பி வந்தால் யார் கழுவினது என்று வரும். அதற்குப் பிறகு எந்தக் கையெழுத்து, எந்த வால்? பேசாமலே இருந்துவிட்டால் சின்னவள் மட்டும் விழுவாள். தனக்கு வழி திறக்கும். மாமியார் எதிர்வீட்டில் உட்கார்ந்து, சின்னவள் ஒரு கள்ளனைப் பிடித்த கதையைக் கேட்டுக்கொண்டிருப்பது இரண்டு கதவுகளையும் தாண்டிக் கேட்டது. பேசாமல் இருப்பது என்று முடிவு பண்ணினாள்.

மறுநாள் ஆலைக்காரர் நேரில் வந்தார். கத்துவார் என்று பார்த்தால், கத்தவில்லை. வெளுத்துப்போன முகத்தோடு மேலாளருக்கு எதிரில் உட்கார்ந்தார். மேலாளர் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் உள்ளே வந்தபோது ஆலைக்காரர் ஒரு புட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்ககிட்ட ரீஃபைன் பண்ற எந்திரமே கிடையாதுங்க. வெளியிலேருந்து ஒரு சொட்டு வாங்கறதும் இல்ல. வேணும்னா இங்கயே ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டவா?”

“நீங்க குடிச்சா எந்திரத்துக்கு என்னங்க தெரியும்?” என்றார் மேலாளர். பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, எங்கேயாவது தப்பு நடந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார்.

சின்னவள் யோசித்தாள். எடை போட்டதில் இருக்கலாம், கரைத்த அளவில் இருக்கலாம், தன் கையில் எங்கேயும் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“ஆனா குப்பியில இருக்காது சார். அது அக்கா கழுவினது. அதுல சந்தேகமே வேண்டாம்.”

குப்பியக்காவுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. தன் வேலையைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாத நல்ல வார்த்தை. அதையும் இவள் வாயாலா கேட்க வேண்டும்? அதுவும் இன்றைக்கா?

“மறுபடி ஓட்டிப் பாக்கலாம் சார்,” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

இந்த முறை குப்பியை உலர்த்தினாள், மோந்தாள், மறுபடி உலர்த்தினாள். எல்லோரும் எந்திர அறையில் கூடி நின்றார்கள். திரையில் கோடு ஓடியது. மேடு வரவேண்டிய இடத்தில் எதுவுமே வரவில்லை. கோடு தாழ்வாகவே போய் முடிந்தது. ஆலைக்காரருக்குக் கோட்டைப் படிக்கத் தெரியாது. ஆனால் மேலாளரின் முகத்தைப் படிக்கத் தெரிந்தது. பெரிதாக மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். மேலாளர் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அறிக்கை மாலைக்குள் சரியாக வரும் என்று சொல்லி, அனுப்பிவைக்க வாசல்வரை போனார்.

சின்னவள் அதற்குள் நேற்றைய காகிதத்தையும் இன்றைய காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் அந்த வழவழப்பான மேட்டைத் தடவினாள்.

“மூணு பல் இல்ல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, “இது அசிட்டோன்,” என்றாள்.

சொன்னவள் குப்பியக்காவைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். கண்டுபிடித்துவிட்டாள் என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. தான் கண்டுபிடித்தது அக்காவுக்குத் தெரியும் என்று சின்னவளுக்கும் தெரிந்தது.

“அசிட்டோன் எப்படி உள்ள வந்தது?” என்று கேட்டுக்கொண்டே மேலாளர் உள்ளே வந்தார்.

“நான்தான் சார்,” என்றாள் சின்னவள். குரலில் தடுமாற்றமே இல்லை. “அக்கா குடுத்த குப்பியை நான் ஒருதரம் அசிட்டோன்ல அலசினேன். அவசரத்துல சரியா உலர்த்தல. பல்லையும் பாக்கல. என் தப்புதான்.”

மேலாளர் அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்றால், அந்த முகத்தில் கோபம் இல்லை. தப்பை இப்படி நேருக்கு நேர் ஒத்துக்கொள்கிறாளே என்று ஒரு மரியாதைதான் அங்கே மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. அது ஊறுவதைக் குப்பியக்கா தன் கண்ணாலேயே பார்த்தாள். தப்பிவிட்டோம் என்ற நிம்மதி அவளுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு. படிப்பு இவளுக்கு. எந்திரம் இவளுக்கு. மாமியாரின் மாலைநேரம் இவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் இவளுக்கேவா? என் தப்பைக்கூட எடுத்துக்கொண்டு போய் அதற்கும் நல்ல பேர் வாங்கிக்கொள்வாளா? இனி காலம் பூராவும் இவள் போட்ட பிச்சையில் நின்றுகொண்டு இவள் கொண்டுவரும் டீயைக் குடிக்க வேண்டுமா?

“அவ அலசவே இல்ல சார்,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “கழுவினது நான். காத்தடிக்க மறந்தது நான். நேத்து இந்தக் கோட்டைப் பாத்ததுமே எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல. அவளுக்கு இதுல ஒண்ணும் கிடையாது.”

‘ஒண்ணும் கிடையாது’ என்பதை அவள் சொன்ன விதத்தில், ஒரு பண்டத்தை இன்னொருத்தி கையிலிருந்து பிடுங்குகிற வேகம் இருந்தது. மேலாளர் அதைக் கவனித்தாரா, தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அவள் குப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனாள். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

காலாண்டு முடிந்ததும் கையெழுத்து உரிமை சின்னவளுக்குப் போனது. பல் பார்க்காமல் அறிக்கை எழுதினதற்காக அவளுக்கும் நல்ல திட்டு விழுந்தது. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவளிடம் கையெழுத்தைக் கொடுக்க முடியாது என்று மேலாளர் நேராகவே சொன்னார். குப்பியக்கா அதற்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை. குப்பிகள் அவள் கையிலேயே இருந்தன. இனி உலர்த்தின குப்பியை எடுத்துக்கொள்கிறவரும் ஒருதரம் மோந்து பார்க்க வேண்டும் என்று அறையில் புதுச் சட்டம் வந்தது. சின்னவள் ஒவ்வொரு குப்பியையும் தன் மூக்கருகே கொண்டுபோகும்போது இவளுக்குக் காந்தும். பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே காந்தும்.

அந்த வார விடுமுறை நாளில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து இவள் வீட்டில் சாப்பிட்டார்கள். உரிமை கிடைத்ததற்கான விருந்து என்று மாமியார் ஏற்பாடு. குப்பியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சமைத்தாள். சாப்பாட்டின் நடுவில் கொழுந்தன், வீட்டுக்கு வந்து தன் மனைவி சொன்ன கதையை எல்லோருக்கும் விரித்துச் சொன்னான். எந்த இடத்தில் யார் நின்றார்கள் என்பதுமுதல் சொன்னான். கடைசியில் கையிலிருந்த கவளத்தை அப்படியே நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தான்.

“ஆனா ஒண்ணு சொல்றேன் அண்ணி. மேலாளர் முன்னாடி நின்னு, நான்தான்னு சொல்ல ஒரு தைரியம் வேணும். எனக்கெல்லாம் வராது.”

“அவ கல்யாணமாகி வந்த நாள்லேருந்தே அப்படித்தான்,” என்றார் மாமியார். அப்படி ஒரு அபிப்பிராயம் அவருக்கு இருந்தது அன்றுவரை யாருக்கும் தெரியாது. “மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு இருக்கத் தெரியாது அவளுக்கு.”

கணவன்கூட நிமிர்ந்து, என்ன இருந்தாலும் நம்ம ஆளு என்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். குப்பியக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தான் அதைத் தைரியத்தால் சொல்லவில்லை, எதனால் சொன்னோம் என்பது தனக்குத் தெரியும்; அதைத் திருத்திச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் வாய் எடுத்தாள்.

அப்போதுதான் எதிரில் உட்கார்ந்திருந்த சின்னவள் மெதுவாகப் பேசினாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உதடு மட்டும்தான் சிரித்தது. கண் தட்டிலேயே இருந்தது, விரல் சோற்றைச் சும்மா பிசைந்துகொண்டிருந்தது.

“முதல்ல ‘நான்தான்’னு சொன்னது நானாக்கும். அது யாருக்கும் ஞாபகம் இல்ல.”

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமியார் தண்ணீர் கேட்டார். கொழுந்தன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். குப்பியக்கா காதில் மட்டும் அது விழுந்தது. அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இத்தனை மாதமாகத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த குரல்.

எழுந்து சமையலறைக்குப் போய், சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பி வந்து, சின்னவளின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

“நல்லா சாப்பிடு,” என்றாள். அந்தப் பெண் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மனதார அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.